உழவன் மூச்சும் ஒரு வரிக் கேள்வியும்

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து எங்களைப் பெருமைப்படுத்தும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, இரவென்றும் பாராமல் நம் கட்டுத்தரைக்கு வந்து உதவும் கால்நடை மருத்துவர் அவர்களே, பால் கூட்டுறவுச் சங்க நிருவாகிகளே, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்து உழவர் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு அணிவித்த பொன்னாடையை என் தாத்தாவான அப்பாரின் நினைவாகவே ஏற்றுக்கொள்கிறேன்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. விதை, உரம், ஆள்கூலி எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்கும் நாம், மூச்சை மட்டும் சேர்ப்பதில்லை. உழவர் நுரையீரல் நோய் எப்படி உண்டாகிறது, அதை ஏன் தவறவிடுகிறோம், கரும்புச் சக்கைக்கும் கோழிப்பண்ணைக்கும் அதில் என்ன பங்கு என்ற மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் அப்பாரு நல்ல திடகாத்திரமானவர். ஒரு வருடம் அறுப்பு மழையில் சிக்கி, வைக்கோல் சரியாகக் காயாமலே போர் போட்டார்கள். தை மாதக் காலையில் அவர் போரைப் பிடுங்கியபோது உள்ளிருந்து ஆவி பறந்தது. வெண்தூசி முகமெல்லாம் படிந்தது. பொழுது சாய்வதற்குள் குளிர்காய்ச்சலும் இருமலும் வந்து, திண்ணை ஏறவே மூச்சு வாங்கியது. டவுன் மருத்துவமனையில் நிமோனியா என்று ஊசி போட்டார்கள். நான்கு நாளில் தேறி வந்தார். வந்த மறுநாளே மாடுகளுக்காக அதே போரைப் பிரித்தார். அன்று மாலையே மறுபடியும் காய்ச்சல். இப்படியே இரண்டு வருடம் போயிற்று. பிறகு காசநோய் என்றார்கள். சளியில் கிருமி ஒருமுறைகூடத் தென்படவில்லை. ஆனாலும் ஆறு மாதம் மாத்திரை. ஆத்தா அவருக்குத் தனி வட்டிலும் தனி டம்ளரும் ஒதுக்கினார். பேரப்பிள்ளைகளான எங்களை அவர் கட்டிலருகே விடவில்லை. கடைசியில் ஓர் இளம் மருத்துவர்தான், "ஏனுங்க பெரியவரே, காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். "போர் பிரிச்சு மாட்டுக்குப் போட்டனுங்க" என்றார் அப்பாரு. அந்தக் கேள்வி வந்து சேர்வதற்குள் அவருடைய நுரையீரலில் பாதி தழும்பாகிவிட்டிருந்தது.

ஈரப் போர் உள்ளுக்குள் சூடேறும்போது, 50, 60 டிகிரி வெப்பத்திலும் தழைக்கும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிரிகள் அதில் பெருகுகின்றன. அவற்றின் வித்துகள் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ளவை. ஆகையால் காற்றுப்பைகள் வரை சென்றுவிடுகின்றன. அப்பாருக்கு வந்த இந்த உழவர் நுரையீரல் நோய் தொற்றுநோய் அன்று. அந்த உயிரி நுரையீரலில் வளர்வதில்லை. நம் உடலின் காவற்படையே அங்கே போரிட்டு வீட்டைச் சிதைக்கிறது. காற்றுப்பையில் காவலிருக்கும் மாக்ரோபேஜ் அணுக்கள் வித்துகளை விழுங்கி அபாயக்குறி அனுப்ப, முதலில் நியூட்ரோபில்களும், அடுத்து டி லிம்போசைட்டுகளும் என வெள்ளையணுக்கள் திரள்கின்றன. நலமான நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் 100 அணுக்களில் 10 முதல் 15 வரை இருக்கும் லிம்போசைட்டுகள், இந்நோயில் பல வேளைகளில் 50-ஐத் தாண்டுகின்றன. தூசியை மூச்சில் இழுத்த 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல் வருவதும், போரை விட்டு விலகிப் படுத்தால் சில நாளில் தணிவதும் இதனால்தான். அப்பாரைத் தேற்றியது ஊசியைவிட அந்த விலகல்தான் என்று நான் நம்புகிறேன். திரும்பத் திரும்ப இது நடந்தால், அணுக்கள் ஒன்றுகூடி முடிச்சுகளாகி, நாளடைவில் திசு நாராக இறுகிவிடுகிறது. இறுகியதை எந்த மருந்தும் இளக்காது. காசநோயிலும் முடிச்சுகள் உண்டாவதும், இருமலும் மெலிவும் இரண்டுக்கும் பொதுவாயிருப்பதும் குழப்பத்துக்கு இடம் தருகின்றன.

இங்கிலாந்தில் காம்ப்பெல் என்ற மருத்துவர் 1932-லேயே, பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கையாண்ட உழவர்களிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் ஓ.பி. சீட்டில் பெயர், வயது, ஊர் எழுத இடமிருக்கிறது, தொழிலுக்கு இடமில்லை. என் கோரிக்கை அந்த ஒரு வரிதான்: "என்ன வேலை? அதில் என்ன தூசி?" மருத்துவ அலுவலர் அவர்களே, உங்களை வணங்கிக் கேட்கிறேன், நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே இதைத் தொடங்குங்கள். மூச்சின் அளவைக் கணக்கிடும் ஸ்பைரோமீட்டர் கருவியும் அங்கே வேண்டும். உழுதவன் கணக்கில் உழக்கு மூச்சாவது மிஞ்ச வேண்டாமா?

அதுவரை வைக்கோலை நன்றாகக் காய வைத்தே போர் போடுங்கள். பூஞ்சணம் கண்ட போரைத் துண்டு கட்டிக்கொண்டு பிரிக்காதீர்கள், அந்த நுண்தூசியைத் துண்டு தடுக்காது, என்95 முகக்கவசம் அணியுங்கள். கரும்புச் சக்கைத் தூசியாலும் கோழி எச்சத் தூசியாலும் இதே வகை நோய் வரும் என்பதை மட்டும் இப்போது சொல்லி நிறுத்துகிறேன், நேரம் கடந்துவிட்டது. இந்தக் கோரிக்கைக்கான மனு பந்தல் வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.