வன்னியின் கோடையும் வீட்டு முற்றமும்

அவைத்தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, பாடசாலைப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் வந்து இறங்கியபோது, பொதுநோக்கு மண்டபத்துக்குள் வெக்கை தாங்க முடியவில்லை என்று சொல்லி, நீங்கள் கதிரைகளையும் பாய்களையும் தூக்கி வந்து இந்த வேம்பின் கீழ்ப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கோடையில் குடும்பமும் வீடும் தோட்டமும் எப்படி இருக்கின்றன என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். அந்தப் பேச்சின் சாரத்தை நான் வாய் திறப்பதற்கு முன்பே நீங்கள் செய்து முடித்துவிட்டீர்கள். இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் வன்னியில் கோடை என்பது ஆட்களைக் கூட்டும் காலம். தண்ணீரும் நிழலும் அருகிப் போகும் மாதங்களில், அவை எங்கே எஞ்சியிருக்கின்றனவோ அங்கே மனிதர்கள் வந்து சேர்கிறார்கள். சேர்ந்த இடத்தில் உறவு வளர்கிறது. இதைத்தான் என் அனுபவத்திலிருந்து உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் கோடைக்கு ஒரு காற்று உண்டு. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் அந்தச் சோளகம், தான் சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையாக இறக்கிவிட்டு, வெறுங்கையோடு எங்களிடம் வந்து சேர்கிறது. வந்த காற்று சும்மா இருப்பதில்லை. குளத்து நீரையும் மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்களுக்குரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மார்கழியிலும் பெய்கிறது. அந்த மூன்று மாதங்களில் குளங்கள் சேமித்து வைப்பதைக் கொண்டே மற்ற மாதங்களைக் கடத்துகிறோம். சங்கப் புலவர்கள் முதுவேனிலைப் பிரிவுக்குரிய காலமாகப் பாடினார்கள். பொருள் தேடிப் போன தலைவனை நினைத்துத் தலைவி வருந்தும் காலம் அது. வன்னியில் வளர்ந்த எனக்கு அந்தப் பாடல்களைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சிறு வியப்பு எழும். ஏனென்றால் எங்கள் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்த காலமே கோடைதான்.

எங்கள் வீடு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இருந்தது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த என் அம்மப்பா, காட்டை வெட்டித் திருத்திய வளவில் முதலில் கிணறு வெட்டினாராம். கிணற்று மண்ணைக் குழைத்துச் சுவர் வைத்துக் கொட்டில் போட்டாராம். பேராற்றை மறித்துக் கட்டிய அந்தக் குளத்தில் நீர் நிற்கும் வரை கீழேயுள்ள கிணறுகளில் ஊற்று வற்றாது. வாய்க்காலில் நீர் ஓடினால் அதன் கரையோரக் கிணறுகளில் மட்டம் ஒரு முழமாவது ஏறும். நீர் மண்ணுக்குள் கசிந்து பரவுவதால் நடப்பது அது. குளம் இறங்க இறங்கக் கிணறுகளும் இறங்கும். ஆவணி பிறக்கும்போது எங்கள் ஒழுங்கையில் மூன்று கிணறுகள் சேறு காட்டிவிடும். வாய்க்காலுக்கு அருகில் இருந்த எங்கள் கிணற்றில் மட்டும் ஒரு ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும்.

அப்போது படலை பூட்டப்படுவதில்லை. விடியப்புறம் நான்கு மணிக்கே வாளிச் சத்தம் கேட்கும். பக்கத்து வளவு மாமி முதலில் வருவார். அவர் பின்னால் அவருடைய இரண்டு மருமக்கள். தண்ணீருக்கு முறை வைத்திருந்தார்கள், ஆனால் எழுதி வைக்கவில்லை. பிள்ளைப் பெற்ற வீட்டுக்கு முதல் வாளி என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “இருங்கோ பிள்ளை, ஊறட்டும்” என்று அம்மம்மா சொல்லுவார். கிணறு ஊறும் அந்த அரை மணித்தியாலத்தில் கிணற்றுக்கட்டில் பேசப்பட்டவை எத்தனையோ. என் சித்தியின் கலியாணம் அந்தக் கிணற்றுக்கட்டில்தான் பேசி முடிந்தது. இரண்டு ஆண்டுகள் பேசாதிருந்த இரு குடும்பங்கள், வேலி அடைக்கும் கொப்புகளான அலம்பல் பற்றிய ஒரு சிறு சண்டையால் முகம் திருப்பியிருந்தவர்கள், ஒரே கயிற்றை மாறி மாறிப் பிடிக்க வேண்டி வந்ததால் மீண்டும் பேசத் தொடங்கினார்கள். தண்ணீர் நிறைய இருந்திருந்தால் அவர்கள் பேசியிருப்பார்களா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

குளித்த தண்ணீரும் வீணாவதில்லை. கிணற்றடியிலிருந்து சிறு வாய்க்கால் ஒன்று வாழைப் பாத்திக்குப் போகும்; வாழையைக் கடந்தால் தேசி மரம், அதற்கப்பால் கறுத்தக்கொழும்பான் மாமரம். அந்த மாமரத்தின் கீழ் ஒரு சாக்குக் கட்டிலும் இரண்டு மரக்குற்றிகளும் கிடக்கும். எங்கள் வீட்டின் உண்மையான கூடம் அதுதான்.

பாலைப்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் வன்னிக் கோடையைப் பேச முடியாது. வைகாசியிலும் ஆனியிலும் காட்டில் பாலை பழுக்கும். எல்லா ஆண்டும் ஒரே அளவாகக் காய்க்காது. நன்றாகக் காய்த்த ஆண்டில் மரம் முழுவதும் மஞ்சள் மணி கோத்தது போலிருக்கும். பாலை மெல்ல வளரும் வைரமான மரம். இன்று நாங்கள் பழம் உண்ணும் மரங்களை எங்கள் பாட்டன்மாரும் பழமரமாகவே கண்டிருப்பார்கள். அந்தப் பழத்தைக் கரடியும் விரும்பும் என்பதால் தனியே எவரையும் விடமாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், பெரியப்பா முன்னால் கத்தியோடு, நடுவில் பிள்ளைகள், பின்னால் இரண்டு இளைஞர்கள் என்று சத்தமிட்டுப் பேசிக்கொண்டு போவோம். பெரியப்பா ஒரு கொப்பை மட்டும் உலுப்புவார். மிச்சத்தைப் பறவைக்கும் விலங்குக்கும் விட வேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. வீடு வந்ததும் அம்மம்மா எங்கள் உதடுகளில் நல்லெண்ணெய் தடவிவிடுவார், பழத்தின் பால் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு. அப்படித் தடவியும் ஒட்டும். உதடுகள் ஒட்டியபடி சிரிக்க முயன்ற என் தோழனின் முகம் இப்போதும் என் கண்முன் நிற்கிறது. வவுனியா பேருந்து நிலையத்தில் இப்பழத்தைச் சுண்டு என்ற சிறு அளவைப் பாத்திரத்தால் அளந்து விற்பதைக் காணும்போது வாங்காமல் என்னால் நகர முடிவதில்லை. அந்தத் தோழன் இன்று இல்லை.

வைகாசி விசாகத்தையொட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல் வரும். கடல்நீரில் விளக்கெரியும் அந்தத் திருக்கோவிலுக்கு உழவு இயந்திரப் பெட்டிகளில் ஊர் ஊராகப் போவோம். வழியெங்கும் தாகசாந்திப் பந்தல்களில் மோர் வார்ப்பார்கள். பிறகு ஆடிப்பிறப்பு. அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ச் சொட்டு, தேங்காய்ப்பால், அந்தப் பருவத்துப் பனங்கட்டி எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய கூழைப் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அதில் வார்த்துத் தருவார்கள். இலை சிறியது. ஆகவே மீண்டும் மீண்டும் பானையடிக்கு வர வேண்டும். வட்டமாக இருந்து உண்பதற்கென்றே யாரோ கண்டுபிடித்த பாத்திரம் அது என்று எனக்குத் தோன்றும்.

பெரியோர்களே, வன்னியில் வைகாசி மாதத்தைப் பேசும் ஒருவன் இறுதிப்போர் முடிந்த 2009ஆம் ஆண்டைத் தாண்டிப் போய்விட முடியாது. அந்த வைகாசியில் நிழல் என்பது தறப்பாளாக இருந்தது. அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சிக்காக வரிசையில் நின்றோம். ஆண்டுதோறும் வைகாசியில் அதே கஞ்சியைக் காய்ச்சி, தெருவால் போகிறவரை மறித்துக் கொடுக்கிறோம். அதன் பின் முகாமில் கழிந்த கோடையில், காடு வெட்டி வெளியாக்கிய நிலத்தில், ஒரு மரத்தின் கீழ் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் பசியைப் போலவே இருந்தது. என் அம்மம்மா அங்கே கேட்டது சோற்றை அன்று. “மாமரம் நிக்குதோ?” என்று ஒவ்வொரு நாளும் கேட்டார்.

நின்றது. 2010இல் நாங்கள் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை, கிணறு குப்பையாலும் ஓடுகளாலும் தூர்ந்து கிடந்தது. மாமரத்தின் அடியில் இரும்புச் சிதறல்கள் பாய்ந்த வடுக்கள் இருந்தன, மேலே துளிர்த்திருந்தது. கண்ணிவெடி அகற்றிய அடையாளக் கோல்கள் வேலியோரம் நட்டபடி இருந்தன. முதல் இரவை மரத்தின் கீழ்தான் கழித்தோம். அடுத்த நாள் காலையில், தங்கள் வளவில் ஒரு மரமும் மிஞ்சாத இரண்டு குடும்பங்கள் பாய்களோடு வந்து சேர்ந்தன. கிணற்றை இறைத்துத் தூர்வார ஐந்து நாள் ஆயிற்று. யாரோ கயிறு கொண்டு வந்தார்கள், யாரோ வாளி, யாரோ தேத்தண்ணி. மீண்டும் ஒரு கோடை எங்களை ஒரு கிணற்றடியில் கூட்டியது.

பின்னர் வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கிடைத்தது. கூரையின்றிக் கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை அனுபவித்தவன் நான், நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அவசரத்தில் கட்டிய எங்களில் பலர், அத்திவாரம் வெட்டும்போது மரத்தை இடைஞ்சலாக நினைத்தோம். சுவரும் தகரமும் எழுந்த வளவுகளில் நண்பகலில் எவரும் இருக்க முடியவில்லை. பிறகு குழாய்க்கிணறு வந்தது, மின்விசிறி வந்தது. தண்ணீர் சுமந்து இடுப்பு நோகும் பெண்களுக்கு அது விடுதலை. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். பழைய துலாவுக்குத் திரும்புங்கள் என்று கேட்கவும் மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தண்ணீரும், ஒவ்வொரு அறைக்கும் தனிக் காற்றும் கிடைத்த பிறகு, நாங்கள் கூடுவதற்குக் காரணமாக இருந்த இல்லாமை போய்விட்டது. இனி நாங்களாக விரும்பிக் கூடினால்தான் உண்டு. அப்படிக் கூடுவதற்கு வளவில் ஓர் இடம் வேண்டும். முற்றம் முழுவதும் சீமெந்து போட்டு மூடிவிட்டால், மழைநீர் கிணற்றுக்கும் போகாது, மனிதரும் மாலையில் அங்கே இருக்கமாட்டார்கள். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தச் சீமெந்து இரவு பத்து மணி வரை திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும்.

சென்ற ஆண்டு கனடாவிலிருந்து என் தங்கையின் பிள்ளைகள் ஆடி மாதத்தில் வந்திருந்தார்கள். பனிக்காலம் முடிந்து வெளியே விளையாடக் கிடைக்கும் நாட்கள் என்பதால், கோடைக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். முதல் இரண்டு நாள் விசிறியடியை விட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் மூத்தவன் தானாகவே மாமரத்தடிக்கு வந்து, அடிமரத்து வடுவில் விரலை வைத்து, “மாமா, இது என்ன?” என்று கேட்டான். நான் சொல்லத் தொடங்கினேன். மற்றவர்களும் வந்தார்கள், அயல் பிள்ளைகளும் வந்தார்கள், என் மனைவி மோர் கரைத்துக் கொண்டு வந்தாள், இருட்டும் வரை எவரும் எழுந்திருக்கவில்லை. விறாந்தையில் இருத்தி வைத்து இந்தக் கதையை நான் அவனுக்குச் சொல்லியிருக்க முடியாது. அதைக் கேட்பதற்கான கேள்வியே அவனிடம் பிறந்திருக்காது.

மேசைக்குப் பின்னால் 60 மாங்கன்றுகள் வைத்திருக்கிறேன். எல்லாம் கறுத்தக்கொழும்பான், ஒட்டுக்கன்றுகள். வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள்; ஆனால் இன்றே நட்டுவிடாதீர்கள், இந்தச் சோளகத்தில் அது தாங்காது. இப்போது குழியை மட்டும் வெட்டி வையுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். மேல்மண்ணோடு மக்கிய மாட்டெருவைக் கலந்து ஆவணியில் குழியை நிரப்புங்கள். கன்றை அதுவரை கிணற்றடி நிழலில் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு செம்பு தண்ணீர் விடுங்கள். ஐப்பசியில் முதல் இரண்டு மழை பெய்து நிலம் நனைந்த பிறகு நடுங்கள். வருகிற கோடையில் அதன் அருகே பழைய மண்குடம் ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகி, கிழமைக்கு இரண்டு முறை நீர் நிரப்பினால் போதும். வேருக்குத் தேவையானது கசிந்துகொண்டே இருக்கும். மாடு கடிக்காமல் அலம்பல் வைத்து அடைக்க மறக்க வேண்டாம். முதலில் பிள்ளைப் பெற்ற வீட்டாரும் வயோதிபரும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அவசரப்படாமல் இருங்கள், எல்லோருக்கும் கன்று இருக்கிறது.