புது ஃபைபர் போட்டும் நெட் ஸ்லோவா? ஸ்பீடு டெஸ்ட்ல வர்ற நம்பரை உத்துப் பாருங்க

வணக்கம் மக்களே. 300 எம்பிபிஎஸ் பிளான், புது ஃபைபர், பெட்டியெல்லாம் மாட்டியாச்சு. ஸ்பீடு டெஸ்ட் போட்டா 40, 50-லயே நிக்குது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டு சண்டை பிடிக்கிறதுக்கு முன்னாடி அந்த நம்பரைக் கொஞ்சம் கவனிங்க. கோளாறு எங்கன்னு பாதி நேரம் அதுவே காட்டிக் கொடுத்துடும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. பிளான்ல போட்டிருக்கிறது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது பிரவுசர் காட்டுறது மெகாபைட். 8 பிட் சேர்ந்தாதான் ஒரு பைட். 300-ஐ 8-ஆல வகுத்தா 37.5. அதனால டவுன்லோடு 35, 36 மெகாபைட்ல ஓடுதுன்னா லைன் நல்லாத்தான் இருக்கு, இந்த வீடியோவை நீங்க இங்கேயே மூடிடலாம்.

சரி, டெஸ்டை எப்படிப் போடணும்? சோபால உட்கார்ந்து போன்ல போடுற டெஸ்ட் உங்க வைஃபையைத்தான் அளக்குது, ஃபைபரை இல்ல. லேப்டாப்பை லேன் கேபிள்ல நேரா அந்த ஃபைபர் பெட்டியில சொருகுங்க. ஓஎன்டின்னு சொல்வாங்க, நாம மோடம்னே சொல்லிக்குவோம். லேப்டாப்ல வைஃபை ஆஃப். விபிஎன் ஆஃப். பின்னாடி ஓடுற கிளவுட் பேக்கப்பையும் நிறுத்திடுங்க. பக்கத்துல இருக்கிற சர்வரா பார்த்து மூணு தடவை ஓட்டுங்க.

இப்போ 92-லிருந்து 95-க்குள்ள வந்து, எத்தனை தடவை போட்டாலும் அங்கேயே ஆணி அடிச்ச மாதிரி நிக்குதா? அப்போ பெரும்பாலும் கம்பெனிக்காரர் மேல தப்பு இல்ல. உங்க கேபிள் இணைப்பு 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிடுச்சு. 100-ல, டேட்டாவோட ஒவ்வொரு துண்டுலயும் ஒட்டுற முகவரி மாதிரியான விவரமெல்லாம் போக நம்ம கைக்கு வர்றது சுமார் 94 தான்.

ஏன் இறங்குது? இதோ, கேமராவுக்குக் கிட்ட கொண்டு வர்றேன் பாருங்க. லேன் கேபிளுக்குள்ள 8 கம்பி இருக்கு, நாலு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100-க்கு 1, 2, 3, 6-ன்னு நாலு பின் போதும், அதாவது ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்-க்கு, எட்டும் வேணும். இந்த முனையைப் பாருங்க, பழுப்புக் கம்பி ஒண்ணு கனெக்டரோட நுனி வரைக்கும் போகாம பாதியிலயே நின்னுருக்கு. கிரிம்ப் பண்ணும்போது, அதாவது கனெக்டரை அழுத்திப் பொருத்தும்போது, உலோகப் பல் அதைக் கடிக்கவே இல்ல. இப்படி இருந்தா நெட் சுத்தமா நின்னு போகாது. சத்தமே இல்லாம 100-க்கு இறங்கி ஓடிக்கிட்டே இருக்கும். அதனாலதான் யாருக்கும் சந்தேகமே வராது.

விண்டோஸ்ல செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈத்தர்நெட்டுக்குள்ள போங்க. லிங்க் ஸ்பீடுன்னு ஒரு வரி இருக்கும். 1000/1000-ன்னு இருக்கணும். 100/100-ன்னா கேபிளை மாத்துங்க. கேட் 5இ-ங்கிற சாதாரண ரகக் கேபிளே போதும், நல்லா கிரிம்ப் பண்ணியிருந்தா 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட் போகும். கேட் 8 வாங்குங்கன்னு யாராவது சொன்னா வீட்டுக்கு அது வீண் செலவு. கேபிள் மாத்தியும் 100-தான்னா போர்ட்டைப் பாருங்க. பழைய ரூட்டர், மலிவான யூஎஸ்பி லேன் அடாப்டர், நிறைய ஸ்மார்ட் டிவி, இதுலெல்லாம் போர்ட்டே 100 தான். டிவியைப் பத்திக் கவலைப்படாதீங்க, 4கே படத்துக்கு 25 இருந்தாலே தாராளம்.

லேன்ல 300 வருது, வைஃபைல மட்டும் 40-ன்னா பெரும்பாலும் போன் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். வைஃபைக்கு 2.4, 5-ன்னு ரெண்டு அலைவரிசை (பேண்டு) இருக்கு. 2.4 பேண்டுல 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல, வைஃபை 4 ரகத்துல ரெண்டு ஆன்டெனா போனுக்கு லிங்க் ஸ்பீடே 144. நிஜத்துல கிடைக்கிறது அதுல பாதி, அக்கம்பக்கத்து ரூட்டர்கள் நெருக்கினா இன்னும் கம்மி. 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பேர் வச்சு, 5-ல சேர்ந்து பாருங்க. 5-ல சேனல் அகலம் 80-ன்னு இருக்கட்டும், சேனல் 36-லிருந்து 48-க்குள்ள வச்சா, ரேடாருக்கு வழிவிட்டு ரூட்டர் சேனல் மாத்துற தொல்லை இல்ல. 2.4-ஐ விடவே முடியாதுன்னா 1, 6, 11 இந்த மூணுல ஒண்ணு, அகலம் 20. அங்க 40 வச்சா வேகம் கூடும்னு நினைக்காதீங்க, நெரிசல்தான் கூடும். அப்புறம், ரூட்டரை டிவிக்குப் பின்னாடியும் இரும்பு பீரோ மேலயும் வைக்காதீங்க, ப்ளீஸ்.

வெப்சைட் பேரை முகவரியா மாத்திக் கொடுக்கிற டிஎன்எஸ்-ஐ மாத்தினா ஸ்பீடு கூடுமான்னு கேட்பீங்க. பக்கம் திறக்க ஆரம்பிக்கிறது கொஞ்சம் சுறுசுறுப்பா ஆகலாம். டவுன்லோடு ஸ்பீடு ஒரு எம்பி கூட ஏறாது.

இப்போ லேன்லயும் நம்பர் தாறுமாறா ஆடுது, நடுநடுவுல கட் ஆகுதுன்னா ஃபைபர் பக்கம் வருவோம். பிரவுசர்ல மோடமோட செட்டிங்ஸ் பேஜுக்குள்ள போனா ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவர்னு ஒரு மதிப்பு இருக்கும், மைனஸ்ல. மோடத்துக்கு வந்து சேர்ற ஒளியோட பலம்தான் அது. வீட்டு ஃபைபர்ல பொதுவா போடுற ஜிபான் ரகக் கருவிக்கு எல்லை மைனஸ் 27 டிபிஎம் (ஒளியோட பலத்தை அளக்கிற அலகு). மைனஸ் 15-லிருந்து 25 வரைக்கும் நிம்மதியா இருக்கலாம். இதுல ஒரு தப்பான நம்பிக்கை சுத்துது: மைனஸ் 18-ஐ விட மைனஸ் 23 ஸ்லோன்னு. இல்லவே இல்ல. எல்லைக்குள்ள இருக்கிற வரைக்கும் வேகம் ஒண்ணுதான். எல்லையை நெருங்கும்போதுதான் பிழை ஏறி, டேட்டாத் துண்டுகள் (பாக்கெட்) வழியில தொலைஞ்சு, இழுக்க ஆரம்பிக்கும். காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்: கட்டிலுக்கடியில நசுங்கின ஒயர், ஆணியில கூர்மையா மடிச்ச வளைவு, இல்லன்னா பச்சை கனெக்டரை நீல அடாப்டர்ல திணிச்சது. பச்சையோட முனை 8 டிகிரி சாய்வா இருக்கும், நீலத்தோட சரியா உட்காராது. ஒயரைக் கழட்டி முனையைக் கண்ணால பார்க்கவே பார்க்காதீங்க. உள்ள வர்றது கண்ணுக்குத் தெரியாத லேசர். இந்த வேலையை லைன்மேனுக்கு விட்டுடுங்க.

சொந்த ரூட்டர் வச்சிருக்கிறவங்க, அதுல க்யூஓஎஸ், அதாவது எந்த டேட்டாவுக்கு முன்னுரிமைன்னு பிரிக்கிற வசதி, ஆன்ல இருந்தா அணைச்சுட்டு டெஸ்ட் போடுங்க. நிறைய ரூட்டர்ல அதை ஆன் பண்ணினதும் ஹார்டுவேர் வேலையை சிபியு தலையில கட்டிடும், வேகம் அங்கேயே மூச்சு வாங்கும்.

எல்லாம் சரி, காலையில 300, ராத்திரி 9 மணிக்கு மட்டும் 60-ன்னா அது பெரும்பாலும் நெட் கம்பெனி பக்கத்து நெரிசல். காலை, மதியம், ராத்திரி மூணு வேளையும் லேன்ல டெஸ்ட் போட்டு, நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. ஆர்எக்ஸ் பவர், லிங்க் ஸ்பீடு ரெண்டையும் சேர்த்தே புகார்ல எழுதுங்க. வெறும் "நெட் ஸ்லோ"ன்னு சொன்னா, "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"னுதான் பதில் வரும்.