சிறுமூளையின் தாளம் தப்பும்போது: பரம்பரைத் தள்ளாட்டமும் பொட்டாசியம் சேனல்களும்

(திரையில்: ஒருவர் தரையில் வரைந்த நேர்கோட்டில் நடக்க முயல்கிறார். கால்களை அகட்டி வைத்தும் உடல் சாய்கிறது.)

வணக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், டம்ளரை எடுக்கப் போன கை குறி தவறும். தெருவில் பார்ப்பவர்கள் இவர் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். நோயைவிட அந்தப் பார்வைதான் பலருக்கு வலிக்கும். அப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கு இருந்தது, இப்போது எனக்கும் என்று தலைமுறைகளாகத் தொடரும் இந்த வகை நோய்களுக்குப் பொதுப்பெயர் ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்ஸியா. சுருக்கமாக எஸ்.சி.ஏ.

இதில் பல வகைகள் உண்டு. இன்று முதல் வகையை, எஸ்.சி.ஏ.1ஐ, எடுத்துக்கொள்வோம். 6ஆம் குரோமோசோமில் உள்ள அட்டாக்ஸின்-1 மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்று டி.என்.ஏ. எழுத்துகளின் தொடர் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதுதான் காரணம். ஹுடா சோக்பி (Zoghbi), ஹாரி ஓர் (Orr) என்ற இரு ஆய்வாளர்களின் குழுக்களும் இதை 1993இல் கண்டுபிடித்தன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை இது: தமிழ்ச் சமூகம் ஒன்றில் எஸ்.சி.ஏ.1 அதிகமாகக் காணப்படுவதை 2005இல் ஒரு இந்திய நரம்பியல் ஆய்விதழ் பதிவு செய்திருக்கிறது.

(திரையில்: சிறுமூளையின் குறுக்குவெட்டு. அடர்ந்த கிளைகளோடு ஒரு பர்கின்ஜி செல்.)

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? சிறுமூளையின் முக்கியமான நரம்பணு பர்கின்ஜி செல். யாரும் தூண்டாமலேயே, நொடிக்குப் பல பத்து முறை, கைதேர்ந்த மிருதங்கக்காரரின் காலப்பிரமாணம் போலச் சீராக இது மின்துடிப்புகளை எழுப்புகிறது. நம் அசைவுகள் பிசகாமல் இருப்பது இந்தச் சீரால்தான்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் செல் ஒரு கணம் அடங்க வேண்டும். அடக்குவது பொட்டாசியம் சேனல்களின் வேலை. செல்லின் சவ்வில் இருக்கும் இந்த நுண்துளைகள் திறந்து, பொட்டாசியம் அயனிகள் வெளியேறினால் செல் அமைதியாகும். அடுத்த துடிப்புக்குத் தயாராகும். இவற்றில் சில, உள்ளே வரும் கால்சியத்தைக் கண்டு திறப்பவை. வேறு சில, துடிப்பு எழுவதற்கு முன்பே செல்லைக் கட்டுக்குள் வைத்திருப்பவை.

எஸ்.சி.ஏ.1 உள்ள எலிகளில் இந்தச் சேனல்களின் செயல்பாடு குறைகிறது. அடங்க முடியாத செல்லில் சீரான துடிப்பு கெடுகிறது. இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது, செல் இதைச் சமாளிக்கும் விதம். அது தன்னையே சுருக்கிக்கொள்கிறது! உடல் சிறுத்தால், மிஞ்சிய சேனல்களே போதுமானதாகிவிடும். இழந்த துடிப்பு ஓரளவு திரும்பவும் செய்கிறது. ஆனால் கிளைகளில், அதாவது டென்ட்ரைட்டுகளில், மிகைக் கிளர்ச்சி, அதாவது அளவுக்கு மீறித் தூண்டப்படும் நிலை, அப்படியே நிற்கிறது. ஸ்கேனில் நாம் அழிவு என்று பார்க்கும் சுருக்கத்தில் ஒரு பங்கு, தொடக்கத்தில் செல்லின் தற்காப்பாக இருந்திருக்கலாம்.

(திரையில்: இரண்டு மாத்திரைகள். ஒன்றிலிருந்து அம்புக்குறி செல் உடலுக்கு, மற்றொன்றிலிருந்து கிளைகளுக்கு.)

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளர் விக்ரம் சக்கோட்டையின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. அவர்கள் எடுத்தது புது மருந்து அல்ல. தசை இறுக்கத்துக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் குளோர்சாக்சசோனும் பேக்லோஃபெனும். குளோர்சாக்சசோன் கால்சியத்தால் திறக்கும் சேனல்களைத் தூண்டித் துடிப்பைச் சீராக்குகிறது. பேக்லோஃபென் மற்ற வகைச் சேனல்கள் வழியாகக் கிளைகளின் கிளர்ச்சியையும் தணிக்கிறது. துடிப்பை மட்டும் சரிசெய்தபோது எலிகளின் நடை கொஞ்ச காலமே மேம்பட்டது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் நீடித்தது.

மனிதர்களில்? ஏற்கெனவே இம்மருந்துகளை எடுத்த நோயாளிகளின் பழைய மருத்துவக் குறிப்புகளைப் பார்த்தார்கள். உடல் ஏற்றுக்கொண்டது, பலன் இருக்கலாம் என்ற அளவில்தான் முடிவு. குறிப்புகளைப் புரட்டுவது வேறு, மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதிப்பது வேறு. எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் அந்த இடைவெளியை மறைக்க மாட்டேன்.

இன்னொன்று. எல்லா அட்டாக்ஸியாவுக்கும் சேனலைத் திறப்பதே வழி என்று நினைத்துவிடாதீர்கள். விட்டுவிட்டு வரும் எபிசோடிக் அட்டாக்ஸியா இரண்டாம் வகையில், 4-அமினோபிரிடின் என்ற மருந்து தாக்குதல்களைக் குறைக்கிறது. அது பொட்டாசியம் சேனல்களை அடைக்கும் மருந்து! அங்கே பழுது கால்சியம் சேனலின் மரபணுவில். ஆக, எந்த மரபணு என்று தெரியாமல் மருந்தைப் பேசுவதில் பொருளில்லை.

அப்புறம், வாழைப்பழமும் இளநீரும் இதைத் தீர்க்காது. குறைவது பொட்டாசியம் அல்ல, அது போகும் வழி. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கவும் வேண்டாம். நம் ஊரில் குளோர்சாக்சசோன் பெரும்பாலும் வலிநிவாரணிகளோடு கலந்தே கிடைக்கிறது. தினமும் எடுத்தால் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

வீட்டில் யாருக்காவது இப்படித் தள்ளாட்டம் இருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது தாத்தா பாட்டி வரை யார் யாருக்கு, எந்த வயதில் தொடங்கியது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்த மரபணுவைப் பரிசோதிப்பது என்று அவர் முடிவெடுக்க அந்த ஒரு தாள் பெரிதும் உதவும்.