பாடிக் கறந்த ரிப்னிக்கோவ்

(இசை அன்பர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, ஓயாத அலுவல்களுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் நூலக அலுவலர் அவர்களே, எனக்கு முன் பேசி என் சுமையைப் பாதி இறக்கி வைத்த பேராசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, மின்விசிறி ஓடாத பின்வரிசையிலும் பொறுமையாக அமர்ந்திருக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ருஷ்ய இசையமைப்பாளர் அலெக்ஸேய் ரிப்னிக்கோவின் திரையிசை, மேடையிசை, பாட்டாகவே நடக்கும் நாடகங்களான பிற்கால ஓபராக்கள் ஆகிய மூன்றைப் பற்றியும் பேசுவதாக அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற" என்று நான் மேடைதோறும் சொல்லும் பழமொழியை இன்றும் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவருடைய வாழ்க்கைக்கு அதைவிடப் பொருத்தமான உரை எனக்குக் கிடைக்கவில்லை.

1945-இல் மாஸ்கோவில் பிறந்து, மாஸ்கோ இசைக் கல்லூரியில் ஆராம் கச்சதூரியனிடம் பயின்ற அவர், 1975-இல் எடுக்கப்பட்ட 'புராத்தினோ' தொலைக்காட்சிப் படத்தின் பாடல்களால் சோவியத் நாட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் அறிமுகமானார். திரையிசை பற்றி இவ்வளவு போதும்.

மேடைக்கு வருவோம். மின்கித்தார் முழங்கும் ராக் ஓபராவை அதிகாரிகள் ஐயத்தோடு பார்த்த காலம் அது. லெனின்கிராதில் 1975-இல் இசையமைப்பாளர் அலெக்சாந்தர் ஷூர்பின் தம் படைப்பை 'ஸோங் ஓபரா', அதாவது பாட்டு ஓபரா, என்று வேறு பெயரிட்டே மேடையேற்றினார். மறு ஆண்டில் மாஸ்கோவின் லென்கோம் அரங்கில் இயக்குநர் மார்க் ஸகாரோவும் ரிப்னிக்கோவும் 'ஹொவாக்கின் முரியேத்தாவின் விண்மீனும் மரணமும்' என்ற படைப்பைத் தந்தார்கள். மூலம் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருதாவின் நாடகம். நெருதா கம்யூனிஸ்ட், நோபல் பரிசு பெற்றவர், சிலியில் இராணுவம் ஆட்சியைப் பறித்த சில நாட்களில் இறந்தவர். அவர் பெயரை முன்னே நிறுத்திவிட்டால் பின்னே ஒலிக்கும் கித்தாரை எந்த அதிகாரி எளிதில் தடுப்பார்? அப்படியும் அனுமதி உடனே கிடைத்துவிடவில்லை என்பது வேறு. பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்க வேண்டும்.

அடுத்தது 1981-இல் அதே லென்கோமில் வந்த 'யுனோனாவும் அவோசும்'; இரண்டும் கப்பல்களின் பெயர்கள். 1806-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பலில் சென்ற ருஷ்யப் பிரபு நிக்கோலாய் ரெஸானோவ், அங்கிருந்த ஸ்பானியத் தளபதியின் பதினைந்து வயது மகள் கொன்சித்தாவுடன் மண உறுதி செய்துகொண்டு, பேரரசரின் அனுமதி பெற நாடு திரும்பும் வழியில் 1807-இல் கிராஸ்னயார்ஸ்கில் இறந்துபோகிறார். அவளோ பின்னாளில் கன்னியாஸ்திரீ ஆனாள். இதைப் பாட்டாக எழுதியவர் கவிஞர் ஆந்திரேய் வஸ்நெசென்ஸ்கி. நாத்திகத்தைக் கொள்கையாகக் கொண்ட அரசின் மேடையில் மாதாவைப் போற்றும் தேவாலயப் பாடலும், பழைய பேரரசின் கடற்படைக் கொடியும்! நடக்கிற காரியமா?

வஸ்நெசென்ஸ்கி பிற்காலத்தில் சொன்ன கதை இது. தணிக்கைக் குழு பார்வையிட வரும் நாளுக்கு முன், அவரும் ஸகாரோவும் யெலோகவோ பேராலயத்துக்குச் சென்று, கசான் மாதாவின் திருவுருவத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அங்கிருந்து எடுத்துவந்த படங்களை நாயகன் கராச்சென்சவ், நாயகி ஷானினா ஆகியோரின் ஒப்பனை மேசைகளில் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: லென்கோம் என்பதன் விரிவோ லெனின் இளைஞர் கழக அரங்கு, ஒப்பனை மேசையிலோ மாதா! (இங்கே அவை சிரித்தது, தலைவர் அவர்களும் சிரித்தார்.) குழுவினர் வந்தார்கள், பார்த்தார்கள், முதல் தடவையிலேயே ஒப்புதல் தந்துவிட்டுப் போனார்கள். 1983-இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் பியேர் கார்தான் அந்த நாடகத்தைப் பாரிஸுக்கே அழைத்துச் சென்றார்.

என் வேண்டுகோள் இங்கேதான் பிறக்கிறது. லென்கோமில் மேடையேறுவதற்கு முன்பே இந்த இசை முழுவதும் ஒலிநாடாவில் இருந்தது. அதில் ரெஸானோவாகப் பாடியவர் கராச்சென்சவ் அல்லர், கென்னாதி திரஃபீமவ். 1982-இல் சோவியத் அரசின் மெலோதியா நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. நுழைவுச்சீட்டு கிடைக்காதவனும், மாஸ்கோவையே பார்க்காதவனும் அந்த ஓபராவைக் கேட்டது அந்தத் தட்டில்தான். கராச்சென்சவ் இன்று நம்மிடையே இல்லை, ஸகாரோவும் இல்லை, தட்டு இருக்கிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' பாடும் கலைஞர்களின் குரலுக்கும் அவர்களுடைய ஆர்மோனியத்துக்கும் அப்படியொரு பதிவு எங்கே இருக்கிறது? மாவட்ட நூலகத்தில் பூட்டிக் கிடக்கும் மாடி அறையை ஒலிக் காப்பகமாக்கித் தர வேண்டும் என்று அலுவலர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். கோபப்பட்டுக் கேட்கவில்லை, பாடிக் கறக்கவே பார்க்கிறேன்.

1999-இல் ரிப்னிக்கோவ் பெயராலேயே மாஸ்கோவில் தோன்றிய அரங்கு பற்றியும், 'போரும் அமைதியும்' ஓபரா பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். தலைவர் இரண்டாவது மணியையும் அடித்துவிட்டார். ஒலிக் காப்பகம் கேட்கும் விண்ணப்பப் படிவம் வாயில் மேசையில் இருக்கிறது. பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.