வெள்ளம் வகுத்த விழா நாட்காட்டி: ஹங்கேரியின் செகெட் நகரில் ஓராண்டு

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

ஹங்கேரி நாட்டின் தென்கோடியில், செர்பிய எல்லைக்கும் ருமேனிய எல்லைக்கும் அருகில், மாரோஷ் ஆறு திசா ஆற்றோடு கலக்கும் இடத்தில் செகெட் என்றொரு நகரம் இருக்கிறது. ஏறத்தாழ 1,60,000 பேர் வாழும் அந்நகரம் மக்கள்தொகையில் அந்நாட்டின் மூன்றாவது பெரிய நகரம். இளவேனில் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை அங்கே விழாக்களுக்குக் குறைவில்லை. அவற்றின் பட்டியல் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும் என்பதால் அதை இங்கே வாசிக்கப்போவதில்லை. இந்த விழா ஏன் இந்த இடத்தில் நடக்கிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனால், பெரும்பாலும் 1879ஆம் ஆண்டின் வெள்ளத்தில் போய் நிற்க நேர்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அவ்வாண்டு மார்ச் 12ஆம் தேதி விடியுமுன் திசா ஆற்றின் நீர் கரைகளை உடைத்துக்கொண்டு நகருக்குள் புகுந்தது. அன்றைய செகெட்டில் இருந்த 5,723 வீடுகளில் 265 மட்டுமே தப்பின என்பது நகர வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சில நாள்களில் வந்து பார்வையிட்ட ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசர் பிரான்ஸ் யோசெஃப், முன்பிருந்ததைவிட அழகாகச் செகெட் எழும் என்று வாக்களித்தார். வாக்குறுதிகள் எல்லாப் பேரிடர்களிலும் தாராளமாகத்தான் கிடைக்கும். இந்த வாக்குறுதி ஏறத்தாழ நிறைவேறியது என்பதுதான் வியப்பு. பழைய கோணல் தெருக்கள் போய், ஆற்றை மையமாக வைத்து வட்டச் சாலைகளும் அவற்றை வெட்டிச் செல்லும் நேர்ச்சாலைகளும் வகுக்கப்பட்டன. வெளிவட்டச் சாலையின் பகுதிகளுக்கு, உதவி அனுப்பிய ரோம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், லண்டன், மாஸ்கோ, பெர்லின், வியன்னா ஆகிய நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். இடையில் எத்தனையோ ஆட்சிகள் வந்து தெருப்பெயர்களை மாற்றிய அந்நாட்டில், இன்றும் பேருந்து நிறுத்தங்களில் அந்தப் பெயர்களைப் படிக்கலாம்.

எல்லாவற்றையும் வெள்ளத்தின் தலையில் கட்டிவிடுவதும் சரியாகாது. ஏப்ரல் 11ஆம் தேதி ஹங்கேரி முழுவதும் கவிதை நாள். 1905இல் அந்தத் தேதியில் பிறந்த அட்டிலா யோசெஃப் என்னும் கவிஞரின் நினைவாக 1964 முதல் கொண்டாடப்படுவது. செகெட்டில் இந்நாளுக்குத் தனியான ஒரு கசப்பு உண்டு. அவர் அந்நகரப் பல்கலைக்கழகத்தில்தான் மாணவராக இருந்தார்; தமக்குத் தாய் தந்தையும் இல்லை, கடவுளும் நாடும் இல்லை என்று தொடங்கும் கவிதை ஒன்றை 1925இல் உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிட்டார்; அதைப் படித்த பேராசிரியர் ஒருவர், இப்படி எழுதுகிறவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்ற எண்ணத்தில், அவர் ஆசிரியர் ஆவதையே தடுத்துவிடுவதாக முகத்துக்கு நேரே சொன்னார். யோசெஃப் நகரை விட்டுப் போனார். 1962இல் அதே பல்கலைக்கழகம் அவருடைய பெயரையே சூட்டிக்கொண்டது. அப்பெயர் நூற்றாண்டின் இறுதிவரை நிலைத்தது. துரத்தப்பட்டவரின் பெயரைப் பலகையில் எழுதி வைப்பதில் கல்வி நிலையங்களுக்கு என்றுமே கூச்சம் இருந்ததில்லை.

மே 21 நகரத்தின் நாள். 1719இல் அந்தத் தேதியில்தான் மூன்றாம் கார்லோய் மன்னர், துருக்கியர் ஆட்சியிலிருந்து மீண்டிருந்த செகெட்டுக்கு, தன்னாட்சி உரிமையுள்ள அரச நகரம் என்னும் பட்டயத்தை வழங்கினார். இந்நாளையொட்டி நடக்கும் கொண்டாட்டங்களில் மது விழாவுக்குத்தான் கூட்டம் அதிகம் என்றாலும், அதைப் போன்ற மது விழாக்கள் ஹங்கேரியின் எந்த நகரிலும் உண்டு என்பதால் அதைக் கடந்து போகிறேன். பார்க்க வேண்டியது பாலத்துச் சந்தை. திசா ஆற்றைக் கடக்கும் நகர்மையப் பாலத்தில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, இருபுறமும் கைவினைஞர்கள் கடை விரிக்க, ஊரே பாலத்தின் மீது நடக்கிறது. அந்தப் பாலம் வெள்ளத்துக்குப் பிந்தைய மறுகட்டுமானத்தின் பகுதி. ஐஃபல் நிறுவனத்தார் கட்டி 1883இல் திறக்கப்பட்டது. 1944இல் போரில் தகர்க்கப்பட்டு, 1948இல் மீண்டும் எழுந்தது. மற்ற நாள்களில் நொடியில் கடக்கும் பாலத்தை அன்று ஒரு மணி நேரம் நடந்து கடக்கிறார்கள். அழித்த ஆற்றின் மேலேயே நின்று நகரத்தின் பிறந்தநாளைக் கொண்டாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இனிக் கோடைக்கு வருவோம். செகெட் என்றால் ஹங்கேரியர்கள் முதலில் நினைப்பது திறந்தவெளி அரங்க விழாவைத்தான். வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு, 1880இல், நகர மன்றம் ஒரு நேர்ச்சை செய்துகொண்டது: மீண்டெழுந்த நகரத்தில் பெரியதொரு தேவாலயம் கட்டுவோம் என்று. அந்த நேர்த்திக்கடனை முடிக்க அரை நூற்றாண்டு பிடித்தது. 1913இல் தொடங்கிய வேலை முதல் உலகப் போரால் தடைபட்டு, 91 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்களோடு 1930 அக்டோபர் 24இல் அர்ச்சிக்கப்பட்டது. புதிய கோயிலுக்காகப் பழைய தேவாலயத்தை இடித்தபோது, அதற்குள் மறைந்திருந்த இடைக்காலக் கோபுரம் ஒன்று வெளிப்பட்டது. அதை இடிக்காமல் அப்படியே விட்டுவைத்தார்கள். தேவாலயத்தின் முன்னே பேலா ரெர்ரிக் என்னும் கட்டடக் கலைஞர் செங்கல் வளைவுத் தாழ்வாரங்களால் மூன்று பக்கமும் சூழப்பட்ட, 12,000 சதுர மீட்டர் பரப்புள்ள டோம் சதுக்கத்தை அமைத்தார். வெனிஸ் நகரின் புனித மாற்கு சதுக்கத்தின் பரப்பும் அதுவே என்று செகெட்காரர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள்.

இவையெல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தவர் கூனோ கிளேபெல்ஸ்பெர்க். பண்பாட்டு அமைச்சராகவும் செகெட்டின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரு பங்கை இழந்தது; கொலோஷ்வார் நகரம் ருமேனியாவுக்குப் போனதால் அங்கிருந்த பல்கலைக்கழகம் 1921இல் செகெட்டுக்கு இடம்பெயர்ந்தது. படைபலத்தால் இழந்ததைப் பண்பாட்டால் ஈடுகட்டலாம் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையில் இழப்பின் வன்மமும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சதுக்கமும் பல்கலைக்கழகமும் அதன் நல்ல பலன்கள். 1932இல் இறந்த அவர் அந்தத் தேவாலயத்தின் நிலவறையிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

1931இல் அச்சதுக்கத்தில் முதல் நாடகம் நடந்தது. 1933இல் இம்ரே மடாச் எழுதிய ‘மனிதனின் துயர நாடகம்’ அரங்கேறியது. அதுதான் விழாவை நிலைநிறுத்தியது. ஆதாம் லூசிஃபரின் துணையோடு எகிப்து, ஏதென்ஸ், ரோம் என்று மனித வரலாற்றின் காலங்களைக் கனவில் கடந்து செல்லும் அந்த நாடகத்தை நான்கு சுவர்களுக்குள் அடக்குவது எப்போதும் கடினமாகவே இருந்து வந்தது. இங்கோ பின்திரையே தேவாலயத்தின் முகப்பு. திரைச்சீலையில் வரைந்து காட்ட வேண்டிய வானம், உண்மையான வானமாகவே தலைக்கு மேல் இருந்தது. 1935இல் இத்தாலிய இசைமேதை மஸ்கான்யி தாமே வந்து தம்முடைய ஓபராவை நடத்திக் கொடுத்தார். 1939க்குப் பின் போர் வந்தது. போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு, ஒரு தேவாலயத்தின் வாசலில் விழா நடத்துவது உவப்பாக இல்லை. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 1959இல் விழா மீண்டும் தொடங்கியது. தொடங்கியதும் அதே ஆட்சிதான். தேசிய உணர்வை வளர்க்க எழுந்த மேடை, சோசலிசப் பண்பாட்டின் வெற்றியைக் காட்டும் மேடையாயிற்று. இன்று அங்கே ஓபராவும் இசை நாடகங்களும் நடக்கின்றன. ஆட்சியாளர்கள் மாறினார்கள், ஆனால் அந்தச் சதுக்கத்தைப் பார்த்த எவருக்கும் அதைச் சும்மா விட்டுவைக்க மனம் வரவில்லை.

இந்த விழாவின் உழைப்பு பார்வையாளர் கண்ணில் படாது. மேடையும் பல ஆயிரம் பேர் அமரும் படிவரிசை இருக்கைகளும் நிலையானவை அல்ல; ஒவ்வொரு கோடையிலும் இரும்புச் சட்டங்களால் பொருத்தி எழுப்பி, விழா முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுகிறார்கள். மழை வந்தால் அரங்கம் முழுவதும் நனையும். மேடை மிக அகலமானது என்பதால் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடிகர் நடந்து செல்வதற்கே இசையில் இடம் விட வேண்டியிருக்கும். சிறிய நுட்பங்கள் இங்கே எடுபடாது. ஊர்வலமும் கூட்டுப்பாடலும் எடுபடும். அதனால்தான் செகெட்டில் நாடகத்தைவிட ஓபரா தழைத்தது என்று நான் கருதுகிறேன்.

நுட்பமானதை விரும்புகிறவர்களுக்கு அதே கோடையில், சில தெருக்கள் தள்ளி, வேறொரு விழா நடக்கிறது. தெயால்டர் என்னும் சோதனை நாடக விழா 1991இல் தொடங்கியது. பெருங்குழுக்களின் வட்டத்துக்கு வெளியே இயங்கும் நாடகக் குழுக்கள் பல நாடுகளிலிருந்தும் வருகின்றன. அதன் முதன்மை அரங்கு 1843இல் கட்டப்பட்ட பழைய யூதத் தொழுகைக்கூடம். அதன் சுவரில் 1879இல் தண்ணீர் எட்டிய உயரம் ஹங்கேரிய மொழியிலும் எபிரேய மொழியிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாடகத்துக்குக் காத்திருப்பவர்கள் அந்தக் குறியோடு தங்கள் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வெள்ளத்துக்கு எவ்விதத்திலும் கடன்படாத விழா ஒன்று உண்டென்றால் அது ஆகஸ்ட் 5ஆம் நாள் நடக்கும் பனிமய மாதா திருவிழா. ஆல்ஷோவாரோஷ் என்னும் தெற்குப் பகுதியில் பிரான்சிஸ்கன் துறவிகளின் கோயில் 1503இல் முடிந்தது. அங்கே யாத்திரையாகத் திரளும் வழக்கம் பல தலைமுறைப் பழமையானது. தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலின் திருநாளும் அதே ஆகஸ்ட் 5 என்பது இந்த அவையில் பலருக்கும் தெரிந்திருக்கும். ஆல்ஷோவாரோஷ் மக்கள் மிளகாய் பயிரிட்டவர்கள். கூரை முகட்டின் முக்கோணத்தில் மரப்பலகைகளைச் சூரியக் கதிர்போல் விரித்து அடித்த அவர்களுடைய வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. அறுவடைக் காலத்தில் அந்த வீடுகளின் சுவர்களில் மிளகாய்ச் சரங்கள் காயும்.

நம் நாட்டுக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்த அதே அமெரிக்கச் செடிதான் துருக்கியர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. நாம் காரத்தை வளர்த்தோம். அவர்கள் நிறத்தை வளர்த்தார்கள். 1859இல் செகெட்டின் பால்ஃபி சகோதரர்கள் மிளகாயின் காரமான நரம்பையும் விதையையும் பிரித்தெடுத்து மென்மையான தூளாக்கும் முறையைக் கண்டார்கள். செகெட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, 1930களில் அந்த மிளகாயிலிருந்துதான் வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தத் தூளின் உண்மையான பெருமை செப்டம்பர் தொடக்கத்தில் ஆற்றங்கரையில் நடக்கும் மீன் விழாவில் தெரியும். விறகு அடுப்புகளின் மேல் தொங்கும் குண்டாக்களில் ஹலாஸ்லே என்னும் மீன் சாறு கொதிக்கிறது. செகெட் முறையில், சிறு மீன்களை வெங்காயத்தோடு குழையும்வரை வேகவைத்து, சல்லடையில் தேய்த்து முள் நீக்கி, கெட்டியான சாறாக்கிக்கொள்கிறார்கள். பிறகு மிளகாய்த் தூளைச் சேர்த்து, கெண்டை மீன் துண்டங்களை இடுகிறார்கள். துண்டங்கள் விழுந்த பின் கரண்டி போடவே கூடாது; குண்டாவின் கைப்பிடியைப் பற்றி மெல்ல அசைத்து மட்டுமே கலக்க வேண்டும். டான்யூப் கரையிலுள்ள பொயா நகரத்தார் சாற்றைத் தேய்த்து வடிகட்டாமல் சேமியாவைச் சேர்ப்பார்கள். எது மேல் என்று இரு ஊர்க்காரர்களையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு கேட்காதிருப்பது நல்லது. செகெட் சாற்றை வெள்ளை ரொட்டியோடு உண்ணுகிறார்கள்.

ஆகஸ்ட் இறுதியில் ஆற்றின் மறுகரையில் நடக்கும் இளைஞர் இசை விழாவையும் குறிப்பிட வேண்டும். 1968இல், மேற்கத்திய இசையை அரசு ஐயத்தோடு பார்த்த காலத்திலேயே தொடங்கியது அது. இலையுதிர்காலத்தில் ஜாஸ் நாள்கள் வரும். பிறகு ஆற்றங்கரை குளிர்ந்து, நிகழ்ச்சிகள் கூரைக்கு உள்ளே போய்விடும். 1883இல் திறந்து, இரண்டே ஆண்டில் எரிந்து, 1886இல் மீண்டும் திறந்த தேசிய அரங்கில் ஓபராவும் பாலேயும் நடக்கும். டிசம்பரில் சதுக்கங்களில் கிறிஸ்துமஸ் சந்தை. அதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. விற்பவை எல்லா நகரங்களிலும் ஒன்றே.

ஒரே ஒரு முறை போக வாய்ப்பிருந்தால் எப்போது போவது என்று கேட்பீர்கள். ஆகஸ்ட் முதல் வாரம் என்பேன். டோம் சதுக்கத்தில் பெரிய மேடை அப்போது நின்றுகொண்டிருக்கும்; ஐந்தாம் தேதி ஆல்ஷோவாரோஷில் திருவிழா; இரண்டுக்கும் இடையில் நடந்து போகும் தொலைவுதான். புடாபெஸ்டிலிருந்து ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். சூரிய ஒளியின் நகரம் என்று ஹங்கேரியர்கள் செகெட்டை அழைப்பது வெறும் புகழ்ச்சி இல்லை, ஆகஸ்ட் நண்பகல் வெயில் கடுமையாக இருக்கும். ஆனால் மேடையில் விளக்கெரிவது இருட்டிய பிறகுதான் என்பதால், பகலில் பாலத்தையும் பழைய தொழுகைக்கூடத்தையும் பார்த்துவிட்டு மாலையில் சதுக்கத்துக்கு வந்து சேர நேரம் தாராளமாக இருக்கும்.