பைத்தானில் ‘சம்’ எங்கே போனது?

[திரையில்: நோட்புக், சிவப்பு எழுத்தில் ஒரு எரர்]

வணக்கம். வேளச்சேரியில் நான் எடுக்கும் பைத்தான் புரோகிராமிங் வகுப்பில் ஒரு மாணவி அன்றைய செலவைக் கூட்டினார். ஷேர் ஆட்டோ 20, டீ 15, சாப்பாடு 60. மொத்தத்தை வைக்க ‘சம்’ என்று ஒரு வேரியபிள். 95 என்று சரியாகவே வந்தது. நோட்புக்கின் அடுத்த செல்லில், அதாவது கோடு எழுதும் அடுத்த பெட்டியில், நேற்றைய செலவைக் கூட்ட, எண்களைக் கூட்டித் தரும் பைத்தானின் சம் ஃபங்ஷனைக் கூப்பிட்டார். ‘டைப் எரர்: இன்ட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்.’ அதாவது, ஒரு முழு எண்ணை ஃபங்ஷன் போலக் கூப்பிட முடியாது. பழைய வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார். அதே எரர். முகம் வாடிவிட்டது.

சம், மேக்ஸ், பிரின்ட் எதையும் நாம் இம்போர்ட் செய்வதில்லை. அப்புறம் எங்கிருந்து வருகின்றன?

[திரையில்: தெரு, இஸ்திரி வண்டி]

தெருமுனையில் இஸ்திரி போடும் குமார் அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து ‘குமார்!’ என்றால் அவர்தான் நிமிர்ந்து பார்ப்பார். வீட்டுக் குழந்தைக்கும் குமார் என்று பெயர் வைத்துவிட்டால்? கூப்பிட்டதும் இரண்டு வயதுக் குழந்தைதான் திரும்பும். அதனிடம் இஸ்திரி போடச் சொல்ல முடியுமா? ஆனால் அண்ணன் எங்கேயும் போகவில்லை.

பைத்தானும் இப்படித்தான் தேடும். முதலில் ஃபங்ஷனுக்குள், அப்புறம் அதைச் சுற்றியுள்ள ஃபங்ஷனில், அப்புறம் ஃபங்ஷன்களுக்கு வெளியே இருக்கும் குளோபலில், கடைசியாகத்தான் பைத்தானோடு தயாராகவே வரும் பில்ட்-இன்களில். கிடைத்த இடத்தோடு நின்றுவிடும். இங்கே குளோபலிலேயே 95 கிடைத்துவிட்டது.

சரி, வரியை அழித்தும் ஏன் தீரவில்லை? செல்லில் எழுத்துதான் போனது. பின்னால் கோடை ஓட்டும் கெர்னலின் நினைவில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. ‘டெல் சம்’ என்று ஒரு வரி ஓட்டுங்கள். நாம் வைத்தது விலகும், ஒரிஜினல் தெரியும்.

பெயரை மறைத்தபடியே ஒரிஜினலும் வேண்டுமென்றால், பில்ட்-இன்கள் இருக்கும் ‘பில்ட்இன்ஸ்’ மாடியூலை இம்போர்ட் செய்து ‘பில்ட்இன்ஸ் புள்ளி சம்’ என்று கூப்பிடலாம். ஒவ்வொரு வரிக்கும் நேரம் சேர்த்துக் காட்டும் பிரின்ட் ஒன்றை நீங்களே எழுதும்போது இது கைகொடுக்கும். உள்ளே வெறும் பிரின்ட் என்று எழுதினால் அது தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு ரிகர்ஷன் எரரில் போய் முடியும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: பில்ட்இன்ஸ் மாடியூலுக்குள் இருக்கும் சம்முக்கே புது மதிப்பு கொடுப்பது. அந்த புரோகிராமில் ஓடும் எல்லா மாடியூலுக்கும் அது மாறிவிடும். டெல் போட்டாலும் ஒரிஜினல் திரும்பாது.

[திரையில்: அதே நோட்புக், எரர் இல்லை]

அந்த மாணவி வேரியபிளுக்கு ‘மொத்தம்’ என்று தமிழிலேயே பெயர் வைத்தார். பைத்தான் 3 அதை ஏற்கும். எந்த பில்ட்-இன்னோடும் மோதாது.