பையத் தின்றால் பனையையும் தின்னலாம்: கியோட்டோ ஆலயங்களைத் தேடி ஒரு மிதிவண்டி உலா

(கியோட்டோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கூடிய பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் பேராசிரியர் ஐயா அவர்களே, தம் அலுவல்களை ஒதுக்கிவிட்டு நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே, நகரின் வடபகுதியில் சிற்றாலயம் ஒன்றின் பூசகராக இருந்துகொண்டு, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மரவுரலில் மோச்சி என்னும் ஒட்டரிசிப் பண்டத்தை இடிக்கக் கற்றுத்தரும் பெரியவர் அவர்களே, என் தமிழை உடனுக்குடன் ஜப்பானிய மொழியில் எடுத்துச் சொல்லும் கடினமான பொறுப்பை ஏற்றிருக்கும் தங்கையே, விடியற்காலை முதல் அடுப்படியை விட்டு அகலாமல் நமக்காகச் சர்க்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும் ஆக்கி வைத்திருக்கும் தாய்மார்களே, அதைச் சற்றும் தயங்காமல் உண்டு முடிக்கக் காத்திருக்கும் ஆண்மக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் ஐயா தம் அறிமுகவுரையில் என்னை 'ஆய்வாளர்' என்று குறிப்பிட்டார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை. நான் ஆய்வாளன் அல்லன். முன்கூடையும் மணியும் பின்னிருக்கையும் கொண்ட, இங்கே மளிகை வாங்கப் போகும் இல்லத்தரசிகள் ஓட்டும் சாதாரண மிதிவண்டி ஒன்றின் உரிமையாளன். நகர மன்ற உறுப்பினர் அவர்களும் இன்று மிதிவண்டியில்தான் வந்திறங்கினார்கள் என்பதை வாசலில் கண்டு மகிழ்ந்தேன். அவர்களிடம் வைக்க எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். முதலாவது, கியோட்டோவின் வடபகுதியில் உள்ள, ஜப்பானின் பழஞ்சமயமான ஷிந்தோவின் ஆலயங்களை மிதிவண்டியில் சுற்றிவரும் வழி. இரண்டாவது, அந்த வழியில் உண்ண வேண்டியவை. மூன்றாவது, மிதிவண்டி ஓட்டுவோர் அறிந்திருக்க வேண்டிய சட்ட விதிகள். இம்மூன்றையும் கோத்து நிற்பது, என் பாட்டி எனக்கு விட்டுச்சென்ற ஒரே சொத்தான பழமொழி: பையத் தின்றால் பனையையும் தின்னலாம். இந்த நகரத்தை ஒரே நாளில் விழுங்கிவிட வேண்டும் என்று பேருந்துச் சீட்டோடு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டிதான் நினைவுக்கு வருகிறாள்.

முதலில் நிலத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கியோட்டோ தட்டையான ஊர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மிதிக்கத் தொடங்கினால் உண்மை முழங்காலுக்குத் தெரிந்துவிடும். நகரம் வடக்கிலிருந்து தெற்காகச் சரிந்து கிடக்கிறது. தெற்கே தோஜி விகாரையின் கோபுரம் ஏறக்குறைய 55 மீட்டர் உயரம். அதன் உச்சியும் வடக்கே உள்ள கித்தாஓஜி சாலையும் ஒரே மட்டம் என்று இவ்வூர்க்காரர்கள் சொல்வார்கள். ஆகவே காலையில் காமோ ஆற்றங்கரைப் பாதையில் தெம்பாக வடக்கே ஏறிவிட்டு, வயிறு நிறைந்த பிற்பகலில் மிதிக்காமலேயே தெற்கே இறங்கி வருவதுதான் அறிவுடைமை. இதை மாற்றிச் செய்கிறவர்கள் கடைசி மோச்சியைச் சுமந்துகொண்டு ஏற வேண்டியிருக்கும்.

புறப்பட வேண்டிய இடம் தெமாச்சியானகி. இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் ஆமை வடிவக் கற்களைத் தாண்டித் தாண்டிப் பிள்ளைகள் கரை கடப்பார்கள். அதன் மேற்கே, சந்தைத் தெருவின் வாயிலில் 1899இல் தொடங்கிய ஒரு பலகாரக் கடை இருக்கிறது. உப்புக்கரிக்கும் சிவந்த பட்டாணிகள் தெரியும் மாமே மோச்சிக்காக அங்கே எப்போதும் வரிசை நிற்கும். வாங்கி வண்டியின் கூடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றே தின்றுவிட வேண்டும், மறுநாள் அது கல்லாகிவிடும்.

ஆற்றின் முக்கோண முனையிலிருந்தே ஷிமொகாமோ ஆலயத்தின் காடு தொடங்குகிறது. தாதாசு நோ மோரி என்னும் அக்காடு ஏறக்குறைய 12 ஹெக்டேர் பரப்புடையது. இந்த நகரம் எழுவதற்கு முன்பு இந்தச் சமவெளி எப்படி இருந்திருக்கும் என்பதற்கு எஞ்சியிருக்கும் சாட்சி. 1994இல் உலக மரபுச் சின்னமான ஆலயம் அது. உள்ளே மிதாராஷி என்னும் குளம்; கோடையில் மக்கள் முழங்காலளவு குளிர்ந்த நீரில் விளக்கேந்தி நடந்து நோய் நீங்க வேண்டுவார்கள். அக்குளத்தின் அடியிலிருந்து எழும் நீர்க்குமிழிகளைப் பார்த்துச் செய்ததாம் மிதாராஷி தாங்கோ: மூங்கில் குச்சியில் ஐந்து அரிசிமாவு உருண்டைகள், முதல் உருண்டை மட்டும் சற்று விலகித் தலையாக, மற்றவை கைகால்களாக, நெருப்பில் வாட்டிச் சோயாச்சாறும் சர்க்கரையும் கலந்த பாகு ஊற்றித் தருவார்கள்.

அங்கிருந்து ஆற்றங்கரை வழியே வடக்கே காமிகாமோ. கூம்பாகக் குவித்த இரண்டு மணற்குவியல்கள், ஆலயத்திலிருந்து வழியும் ஓடை, ஓடையை ஒட்டிய பழைய பூசகர் வீடுகள், வாட்டிய மோச்சி, சுகுகி என்னும் புளித்த ஊறுகாய். வழிகாட்டி நூல்களில் இவையெல்லாம் நிறைய எழுதப்பட்டிருப்பதால் நான் கடந்து போகிறேன்.

இமாமியாவைக் கடந்து போக என்னால் இயலாது. 994ஆம் ஆண்டு தலைநகரில் கொள்ளைநோய் பரவியபோது அதை ஆற்றுவதற்கு நடத்திய வழிபாட்டில் வேர்கொண்டது அந்த ஆலயம்; 1001இல் இன்றைய இடத்தில் அமைந்தது. இன்றும் ஏப்ரலில் பூங்குடை பிடித்துச் செந்தலை ஆட்டக்காரர்கள் நோயை விரட்டி ஆடும் யாசுராய் விழா அங்கே நடக்கிறது. அந்த ஆலயத்தின் கிழக்கு வாயிலுக்கு வெளியே, சிறு தெருவின் இரு பக்கத்திலும் இரண்டு கடைகள் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஒரே பண்டத்தை விற்கின்றன. ஒன்று 1000ஆம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. மற்றது அவ்வளவு பழமை இல்லாத, வெறும் 400 ஆண்டுக் கடை. கட்டைவிரல் அளவு மோச்சியை வறுத்த சோயா மாவில் புரட்டி, மெல்லிய மூங்கில் குச்சியில் செருகி, கரியடுப்பின் மேல் கருகக் கருக வாட்டி, வெள்ளை மிசோ என்னும் சோயா விழுதில் தோய்த்துத் தருவார்கள். எந்தப் பக்கத்துக் கடை சிறந்தது என்று கேட்டு இங்கே சில நல்ல குடும்பங்களில் பூசல் உண்டு. நான் இரண்டிலும் தின்கிறேன். பையத் தின்றால் பனையையும் தின்னலாம். புதன்கிழமையில் மட்டும் போகாதீர்கள், பெரும்பாலும் அடைத்திருப்பார்கள்.

இமாமியாவிலிருந்து தெற்கே சரிவில் இறங்கினால் கித்தானோ தென்மாங்கு: 903இல் நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்த அறிஞர் சுகாவாரா நோ மிச்சிசானேவின் ஆலயம். தேர்வெழுதும் பிள்ளைகள் எருதுச் சிலைகளின் தலையைத் தடவுவார்கள். எதிரே தினைமாவு மோச்சிக் கடை. 25ஆம் நாள்தோறும் பெரிய சந்தை கூடும். அன்று மிதிவண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்காதீர்கள்.

இவையெல்லாம் பெரிய ஆலயங்கள், பேருந்திலும் போகலாம். மிதிவண்டியில் போகச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஒரு பெரிய ஆலயத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையில், சலவைக்கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவே, ஒரு செந்நிறத் தோரீ வாயிலும் இரண்டு நரிச் சிலைகளும் ஒரு முதிய மரமுமாக நிற்கும் சிற்றாலயங்களைப் பேருந்து உங்களுக்குக் காட்டாது. நாடெங்கும் சுமார் 80,000 ஷிந்தோ ஆலயங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றில் நிலையாகத் தங்கும் பூசகர் இல்லை, ஒருவரே பல ஆலயங்களைக் கவனிக்கிறார். இலை கூட்டுவது அக்கம்பக்கத்து முதியோர். அந்த மரங்களைப் பற்றித்தான் நான் எந்த மேடையில் ஏறினாலும் பேசுவேன் என்பது தலைவர் ஐயாவுக்குத் தெரியும், தெரிந்தே அழைத்திருக்கிறார்கள்.

நூற்றாண்டுக்கு முன் இம்மரங்களுக்காகச் சிறை சென்ற ஒருவரின் கதையைக் கேளுங்கள். மினகாதா குமகுசு, 1867இல் வகாயாமாவில் பிறந்தவர். ஆலயத்துக் கற்பூரமரத்தின் பெயரில் ஓரெழுத்தைக் குழந்தைக்கு வைக்கும் வழக்கம் அப்பகுதியில் உண்டு. அப்படித்தான் கற்பூரமரத்தைக் குறிக்கும் 'குசு' இவர் பெயரில் வந்தது. அமெரிக்காவும் இங்கிலாந்தும் சுற்றி, இலண்டனில் அருங்காட்சியக நூலகத்தில் உட்கார்ந்து படித்து, 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் பல கட்டுரைகள் எழுதிவிட்டு, 1900இல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். பிறகு தானாபே என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறி, கோடையில் ஏறக்குறைய ஆடையின்றித் திரிந்து, சளிக்காளான் என்னும் நுண்ணுயிரைக் காடுகாடாகத் தேடினார். நினைத்த மாத்திரத்தில் வாந்தியெடுக்கும் ஆற்றலும் அவருக்கு இருந்ததாம். சண்டையில் அதை ஆயுதமாகவும் பயன்படுத்தினாராம். பொங்கல் பரிமாறுவதற்கு முன் சொல்லத் தகாத செய்திதான், தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும்.

1906இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: ஓர் ஊருக்கு ஓர் ஆலயம் போதும், சிற்றாலயங்களை அதனோடு இணைத்துவிடுங்கள் என்பது. இணைத்த ஆலயத்தின் மரங்கள் வணிகரிடம் போயின. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 ஆலயங்கள் மறைந்தன. வகாயாமாவிலும் மியேயிலும் அழிவு மிகுதி. குமகுசு உள்ளூர்ச் செய்தித்தாளில் எழுதி எழுதிப் பார்த்தார். தோப்பு போனால் பறவை போகும், பறவை போனால் பூச்சி பெருகிப் பயிர் போகும், மக்கள் கூடும் இடம் போகும் என்றார். 1911இலேயே 'எகாலஜி', அதாவது சூழலியல், என்ற சொல்லைத் தம் மடலில் எழுதியவர் அவர். 1910 ஆகஸ்டில், இணைப்புக்கு ஆதரவான மாவட்ட அலுவலர் ஒருவர் தானாபேயில் நடந்த கூட்டத்துக்கு வந்திருக்கிறார் என்று கேட்டதும், நன்றாகக் குடித்துவிட்டுச் சந்திக்கப் போனார். உள்ளே விடவில்லை. தாவரங்கள் நிறைந்திருந்த தம் பையைச் சுழற்றிக் கூட்டத்துக்குள் வீசினார். பிடித்து 18 நாள் உள்ளே வைத்தார்கள். அந்தச் சிறையிலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. அங்கே வளர்ந்திருந்த சளிக்காளானைக் கண்டுபிடித்துவிட்டார். விடுதலை நாளில், இங்கே அமைதியும் குளிர்ச்சியுமாக இருக்கிறது, இன்னும் சில நாள் இருக்கட்டுமா என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

கதை முடியவில்லை. 1920இல் நாடாளுமன்றத்தின் மேலவை அந்த இணைப்பைக் கைவிடும்படி தீர்மானம் நிறைவேற்றியது. 1929இல், உயிரியலில் ஈடுபாடுடைய பேரரசரே தானாபே விரிகுடாவுக்கு வந்து குமகுசுவின் விளக்கத்தைக் கேட்டார். அரசருக்குப் பொருள் கொடுப்பதென்றால் உயர்ந்த மரப்பெட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டும். இவரோ தம் சளிக்காளான்களைக் கேரமல் மிட்டாய் அட்டைப்பெட்டிகளில் போட்டு நீட்டினார்! நாகாஹேச்சி மலைப்பாதையில் இவர் போராடிக் காத்த பெருந்தேவதாரு மரங்கள் சில, கிளைகளையெல்லாம் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டு, இன்றும் நிற்கின்றன.

இப்போது மரங்களை வெட்டச் சொல்லி ஆணை ஏதும் இல்லை. பணமில்லாமைதான் வெட்டுகிறது. அரண்மனைப் பூங்காவின் கிழக்கே நாஷினோகி என்னும் ஆலயம். சோமெய் என்னும் புகழ்பெற்ற ஊற்று அங்கே இருக்கிறது, அந்நீரில் காப்பி போட்டுத் தரும் சிறு கடையும் வளாகத்திலேயே உண்டு, இறக்கத்தின் முடிவில் அவசியம் நின்று குடியுங்கள். பழுதுபார்க்கப் பணமில்லாமல் அவ்வாலயம் தன் நுழைவுப்பாதை நிலத்தையே குத்தகைக்கு விட்டது. அந்தத் திட்டத்தால் 2013இல் ஆலயங்களின் நாடளாவிய சங்கத்திலிருந்தும் விலகியது. இன்று முதல் வாயிலுக்கும் அடுத்ததற்கும் இடையில் அடுக்குமாடி வீடு நிற்கிறது. உலக மரபுச் சின்னமான ஷிமொகாமோவும் 21 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் ஆலயப் புதுப்பிப்பின் செலவுக்காக, 2015இல் காட்டின் தென்கோடியை ஒட்டிய தன் நிலத்தை 50 ஆண்டுக் குத்தகைக்கு அடுக்குமாடி கட்டக் கொடுத்தது. அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர், கட்டடங்கள் எழுந்தன. ஆலய நிர்வாகிகளைப் பழிக்க நான் இதைச் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 89ஆவது பிரிவு சமய அமைப்புக்குப் பொதுப்பணம் கொடுப்பதைத் தடுக்கிறது. பண்பாட்டுச் சொத்து என்று பதிவான கட்டடத்துக்கு மானியம் கிடைக்கலாம், பெயர் தெரியாத தெருமுனை மரத்துக்கு யார் கொடுப்பார்கள்?

ஆகவே நான் கேட்பது எளியது. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டிலிருந்து மிதிவண்டியில் போகக்கூடிய ஒரு சிற்றாலயத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். மாதத்தின் முதல் நாளில் போவது இங்கே பழைய வழக்கம். போய், அருகிலுள்ள கடையில் உட்கார்ந்து தின்று, தின்றதற்குக் கொடுத்த அளவு பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டு, இலை கூட்டும் முதியவரிடம் துடைப்பத்தைச் சற்று நேரம் வாங்கிக்கொள்ளட்டும். அவசரம் வேண்டாம், பையத் தின்றால் பனையையும் தின்னலாம். நகர மன்ற உறுப்பினர் அவர்களிடம் முன்பு சொன்ன விண்ணப்பம் இதுதான்: ஆலயத்துக்கு நகரம் பணம் தர இயலாது என்பது எங்களுக்குப் புரிகிறது; ஆனால் தெருவை ஒட்டிய முதுமரங்களைப் பதிவு செய்து, அவற்றை வெட்டும் முன் அத்தெரு மக்களுக்கு அறிவிக்கும் முறையை இன்னும் உறுதியாக்க இயலுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பூசகர் பெரியவர் தலையசைக்கிறார்கள். அவர்களுடைய ஆலயத்து மரமும் அப்படிப்பட்டதுதான்.

தலைவர் ஐயா இரண்டாம் முறை மணியடித்துவிட்டார்கள். மூன்றாவதாகச் சொல்ல வந்த சட்ட விதிகளுக்கு நேரமில்லை. தலைக்கவசம் அணியுங்கள், கைப்பேசியைத் தொடாதீர்கள், ஆலயத்தில் சாக்கே என்னும் அரிசி மது வார்த்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். 2026 ஏப்ரல் முதல் 16 வயது நிரம்பிய மிதிவண்டி ஓட்டிகளுக்கும் அபராதச் சீட்டு உண்டு. பிப்ரவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குத் தெமாச்சியானகி ஆற்றுமுகத்தில் கூடுகிறோம். வண்டி இல்லாதவர்கள் வாசலில் என்னிடம் பெயர் கொடுங்கள். வாடகைக்கு ஏற்பாடு செய்கிறேன். நன்றி, வணக்கம்.